பல் அடைப்பு ஏன் இளகுகிறது? ஒட்டு நீடிக்க என்ன செய்ய வேண்டும்?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பல் கிளினிக்கில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது: “டாக்டர், ரெண்டு வருசம் முந்தி அடைச்சது, இப்போ இளகிட்டு. கொஞ்சம் வெலை கூடின சாமான் வச்சா நிக்குமா?” நியாயமான கேள்விதான். ஆனால் சாமானின் விலையை ஏற்றினால் தீர்கிற சிக்கல் இது இல்லை. இன்று நல்ல நிறுவனங்கள் தரும் பல்நிற அடைப்புப் பொருள்கள், அதாவது காம்போசிட்டுகள், கடிக்கும் விசையைத் தாங்கக்கூடியவை. அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே சில மைக்ரான் தடிமனில் ஓர் ஒட்டு அடுக்கு இருக்கிறது. அந்த அடுக்கில் தண்ணீர் எவ்வளவு தங்கிவிட்டது என்பதுதான் அடைப்பின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

அடைக்கப் போகிறவர்களுக்கும், குலசேகரம் பக்கம் பல் மருத்துவம் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவருக்கும் உள்ளே என்ன நடக்கிறது, ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

முதலில், எவ்வளவு நாள் நின்றால் அது நியாயமான ஆயுள்? கடைவாய்ப் பற்களில் வைத்த காம்போசிட் அடைப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நூறு அடைப்புகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு தோல்வி அடைகின்றன. கெடுவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஓரத்தில் மறுபடி சொத்தை பிடிப்பது, அடைப்போ பல்லோ உடைவது. ஆகவே நன்றாகச் செய்த அடைப்பு 10 ஆண்டு தாண்டுவது அதிசயம் இல்லை. ஆறு மாதத்தில் விழுந்தால் செய்த விதத்தில் ஏதோ தவறியிருக்கிறது, அல்லது அந்தப் பல்லுக்கு வேறு வகை அடைப்பு தேவைப்பட்டிருக்கிறது.

பழைய சில்வர் அடைப்புக்கு இந்தப் பாடு இல்லை. அது பல்லோடு ஒட்டுவதே கிடையாது. அடி அகன்ற குழிக்குள் பூட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் ஈரம் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். அதில் பாதரசம் இருப்பதால் உலகமே அதைக் குறைத்துவருகிறது. 2013-இல் கையெழுத்தாகி 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியாவும் 2018-இல் சேர்ந்தது. இனி ஒட்டும் அடைப்புதான் வழக்கம். அதனால் ஒட்டைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும்.

ஒரு பல்லில் இரண்டு தளம்

பல்லின் வெளி ஓடான எனாமலில் எடைக்கு 96 சதவீதம் கனிமம். தண்ணீர் மிகக் குறைவு. 1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர், எனாமலின் மேல் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 30 விநாடி வைத்துக் கழுவினால் அதன்மேல் பிசின் மிக உறுதியாகப் பிடிக்கிறது என்று காட்டினார். இன்று பயன்படுத்துவது 35 முதல் 37 சதவீத ஜெல். அமிலம் பட்ட எனாமலைக் கழுவி உலர்த்தினால் பளபளப்பு போய், சுண்ணாம்பு பூசினதுபோல் மங்கல் வெள்ளையாகத் தெரியும். அந்த மங்கலில் எண்ணற்ற நுண்குழிகள் இருக்கின்றன. பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகிவிட்டால் ஆண்டுக்கணக்கில் அசையாது. ஓரம் முழுவதும் எனாமல் இருக்கிற பல்லில் அடைப்பு நீண்ட நாள் நிற்பதற்கு இதுவே காரணம்.

எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டின் வேறு மாதிரி. எடைக்கு 70 சதவீதம் கனிமம், 20 சதவீதம் கரிமப் பொருள், 10 சதவீதம் தண்ணீர். கரிமப் பொருளில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரத நார். பல்லின் நரம்பறையிலிருந்து வெளிநோக்கி ஓடும் நுண்குழாய்கள் டென்டின் முழுக்க இருக்கின்றன. வெளிப்பக்கம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 குழாய்கள் என்றால் நரம்புக்கு அருகே 45,000-க்கு மேல் போகும். அங்கே குழாயின் வாயும் அகலம். உயிருள்ள பல்லில் இந்தக் குழாய்கள் வழியே திரவம் சிறிது சிறிதாக வெளியே கசிந்துகொண்டே இருக்கும். சொத்தை ஆழமாக ஆக, ஒட்ட வேண்டிய இடம் நனைந்த இடமாகிறது. ஆடிச் சாரலில் ஊறிய சுவரில் பெயிண்ட் அடிக்கிற வேலைதான் ஆழமான டென்டினில் ஒட்டுவது.

டென்டின் மேல் அமிலத்தை 15 விநாடி வைத்தால் மேற்பரப்பிலுள்ள சில மைக்ரான் ஆழத்துக்குக் கனிமம் கரைந்துவிடும். மிஞ்சுவது தண்ணீரில் மிதக்கிற கொலாஜன் வலை மட்டுமே. அந்த வலைக்குள் பிசின் போய், தண்ணீர் இருந்த இடத்தைப் பிடித்து, இறுகினால் நாரும் பிசினும் பின்னிய ஒரு கலப்பு அடுக்கு உருவாகும். ஜப்பானிய ஆய்வாளர் நகாபயாஷி 1982-இல் விளக்கிய ஹைப்ரிட் லேயர் இதுதான். டென்டினில் ஒட்டுகிற அடைப்பு எல்லாமே இந்த அடுக்கின்மேல்தான் நிற்கிறது.

அடுக்கு எப்படி அழிகிறது

அமிலம் இறங்கிய ஆழம் முழுவதற்கும் பிசின் இறங்குவதில்லை. அடியில் பிசின் சேராத நார்கள், தண்ணீர் சூழ, அம்மணமாக நிற்கும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

ஒன்று, தண்ணீர் பிசினையே உடைக்கிறது. ஒட்டுப் பசையில் இருக்கும் எஸ்டர் பிணைப்புகளைத் தண்ணீர் மெல்ல மெல்ல அறுக்கும். ஈரமான டென்டினுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகப் பசையில் ஹெமா போன்ற நீர்விரும்பி மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். இறங்க உதவும் அதே குணம், பிசின் இறுகிய பிறகும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே பாட்டிலில் வரும் எளிய பசைகளில் இது கூடுதல். அவை இறுகிய பின்னும் தண்ணீர் ஊடுருவும் சவ்வுபோல் நடந்துகொள்கின்றன.

இரண்டு, பல்லே தன் நாரைத் தின்கிறது. டென்டினுக்குள் எம்எம்பி என்று அழைக்கப்படும் நொதிகள், பல் வளர்ந்த காலத்திலிருந்தே உறங்கிக்கொண்டிருக்கின்றன. அமிலம் பட்டால் அவை விழிக்கும். அவை வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். அம்மணமாக நிற்கும் நாரைச் சுற்றி அது தாராளமாக இருக்கிறது. பாக்டீரியா எதுவும் இல்லாமலே கலப்பு அடுக்கு மாதக்கணக்கில் அரிந்துபோகும் என்பது 2004 வாக்கில் தெளிவானது. ஆய்வகத்தில் ஒட்டிய பற்களைத் தண்ணீரில் ஆறு மாதம், ஓராண்டு ஊறவைத்து இழுத்துப் பார்த்தால் டென்டின் ஒட்டின் பலம் குறைந்திருப்பது மறுபடி மறுபடி தெரிகிறது. எனாமலில் இந்தச் சரிவு மிகக் குறைவு.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டே: அம்மண நாரை விடாமல் இருப்பது, வேண்டாத தண்ணீரை உள்ளே அடைத்து வைக்காமல் இருப்பது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

ரப்பர் டேம்

குமரி மாவட்டத்தில் ரப்பரைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கீரிப்பாறையிலும் அருமனையிலும் பால் வெட்டுகிறார்களே, அதே இயற்கை ரப்பர் பாலிலிருந்து செய்யும் மெல்லிய தாள்தான் ரப்பர் டேம். 1864-இல் சான்போர்ட் பார்னம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் கொண்டுவந்தது. ஆறு அங்குலச் சதுரத் தாளில் துளையிட்டு, பல்லை மட்டும் துளை வழியே வெளியே எடுத்து, உதடு, நாக்கு, எச்சில் எல்லாவற்றையும் தாளுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள்.

எச்சில் மட்டும் பிரச்சினை என்றால் பஞ்சு போதும். மூச்சுதான் பெரிய பிரச்சினை. வாய்க்குள் காற்று கிட்டத்தட்ட நூறு சதவீத ஈரப்பதத்தில் இருக்கும். உலர்த்திய எனாமலின்மேல் ஒரே மூச்சில் நுண்ணிய பனி படியும், கண்ணுக்குத் தெரியாது. தாள் போட்டால் பல்லைச் சுற்றி அறையின் ஈரப்பதமே இருக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊரில் ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் அறையே ஈரமாக இருக்கும் என்பதால் ஏசியை ஓடவிட்டு வேலை செய்வது சொகுசு அல்ல, தேவை.

போடுகிற முறை: வேலை செய்யும் பல்லோடு பின்னால் ஒன்று, முன்னால் இரண்டு மூன்று பற்களுக்குத் துளை. தாளைப் பல்லில் கவ்விப் பிடிக்கும் கிளாம்பில், 30 செ.மீ. அளவுக்கு ஃப்ளாஸ் எனும் பல் இடுக்கு நூல் கட்டியே வாய்க்குள் கொண்டுபோக வேண்டும்; கிளாம்ப் தெறித்தால் தொண்டைக்குள் போகாமல் இழுத்துவிடலாம். இரு பற்களுக்கு இடையே தாளை ஃப்ளாஸால் இறக்கி, தாளின் விளிம்பை ஈறுப்பக்கம் உள்மடித்துவிட வேண்டும். இந்த உள்மடிப்பைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். விளிம்பு மேல்நோக்கி நின்றால் ஈறுநீர் அதன் வழியே ஏறி, அடைப்பின் மிக மோசமான இடமான அடி ஓரத்தை நனைக்கும். ரப்பர் ஒவ்வாமை இருப்பவருக்கு லேடக்ஸ் இல்லாத தாள் கிடைக்கிறது. பலூனோ கையுறையோ பட்டால் அரிப்பு வருமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ரப்பர் டேம் போட்டால் அடைப்பு கூடுதல் காலம் நிற்கும் என்பதற்கு நோயாளிகளிடம் செய்த ஆய்வுச் சான்று சாதகமாக இருந்தாலும் வலுவானது என்று சொல்ல முடியாது. இருந்தும் கடைவாய்ப் பல்லில், குறிப்பாக இரு பற்களுக்கு இடையே அடைக்கும்போது, இதை விடக் கூடாது என்பதே எங்கள் கருத்து. போட முடியாத இடத்தில் பஞ்சு, உலர் தாள், எச்சில் உறிஞ்சும் இரண்டு சக்‌ஷன், உதவியாளரோடு சேர்த்து நான்கு கை வேண்டும். டாக்டர் தாள் போட முனைந்தால் ‘எதுக்கு இது, மூச்சு முட்டுது’ என்று தடுக்காதீர்கள். மூக்கால் மூச்சு விட்டால் இரண்டு நிமிடத்தில் பழகிவிடும்.

அமிலமும் பசையும்

இன்று பெரும்பாலான கிளினிக்குகளில் இருப்பது யுனிவர்சல் வகைப் பசை, அதாவது முன்னால் அமிலம் வைத்தும் வைக்காமலும் பயன்படுத்தக்கூடியது. இவற்றில் பலவற்றில் 10-எம்டிபி என்ற மூலக்கூறு இருக்கும். அது பல்லின் கால்சியத்தோடு வேதிப் பிணைப்பு உண்டாக்கும். உண்டாகும் உப்பு தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் டென்டினின் கனிமத்தை முழுக்கக் கரைத்துவிடாமல், நாரைச் சுற்றிக் கொஞ்சம் கனிமத்தை விட்டுவைத்து ஒட்டுவதுதான் நல்லது. இந்த மூலக்கூறு கொண்ட இரண்டு பாட்டில் செல்ஃப்-எட்ச் பசையை, அதாவது தனியாக அமிலம் வைக்காமல் தானே பல்லை அரித்து ஒட்டும் பசையை, ஈறோரத் தேய்மானங்களில் வைத்து 13 ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது பெரும்பாலான அடைப்புகள் விழாமல் இருந்தன.

நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது. அமில ஜெல்லை எனாமல் ஓரத்தில் மட்டும் கோடு போல வைத்து 15 முதல் 30 விநாடி. டென்டினில் வழிந்தால் பதற வேண்டாம், 15 விநாடியைத் தாண்ட மட்டும் விடக் கூடாது. வைத்த நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். எனாமல் மங்கல் வெள்ளையாகும்வரை உலர்த்தலாம். டென்டின் சற்றே மினுங்க வேண்டும், குளமாக நிற்கக் கூடாது. அமிலம் பட்ட டென்டினைச் சுக்காகக் காயவைத்தால் கொலாஜன் வலை சரிந்து படுத்துவிடும், பசை நுழைய வழி இருக்காது. தண்ணீர் மிஞ்சினால் பசை அதில் பிரிந்து கொப்புளம் விடும்.

அடுத்து பசை. பிரஷ் முனையால் தொட்டு வைத்தால் போதாது. 20 விநாடி தேய்க்க வேண்டும், அழுத்தாமல், விடாமல். தேய்த்தால் புதுப் பசை உள்ளே போய், பசையைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பானும் தண்ணீரும் வெளியே வரும். பிறகு காற்று. தொடக்கத்தில் மெல்ல, பிறகு கூட்டி. உற்றுப் பாருங்கள்: காற்று படும்போது பசையின் மேல் சிறு அலைகள் ஓடும். அலை ஓடுகிறவரை உள்ளே கரைப்பானும் தண்ணீரும் இருக்கின்றன. அலை நின்று, பரப்பு முழுவதும் ஒரே சீரான மினுமினுப்பாக ஆன பிறகே, பசையை இறுக்கும் நீல லைட்டைக் காட்ட வேண்டும். பாட்டிலில் 5 விநாடி என்று போட்டிருந்தாலும் ஆழமான குழியில் 10, 15 விநாடி ஆகலாம். கடிகாரத்தைவிட அலையை நம்புங்கள். ஒட்டின் ஆயுளுக்கு ஒரு பைசா செலவில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இந்தப் பத்து விநாடி.

இதன்மேல் கரைப்பான் இல்லாத, நீரை வெறுக்கும் தனிப் பிசின் ஒரு பூச்சு கொடுத்து லைட் காட்டினால் ஒட்டு அடுக்கு தடிப்பாகி, தண்ணீர் உறிஞ்சுவது குறைகிறது. ஒற்றைப் பாட்டில் பசை பயன்படுத்துகிறவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

நொதிகளை அடக்க 2 சதவீத குளோர்ஹெக்சிடினை, அமிலம் கழுவிய டென்டினில் 30 முதல் 60 விநாடி வைப்பது ஒரு முறை. ஆய்வகத்தில் பலன் தெளிவாகத் தெரிகிறது. நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் அதே அளவுக்குத் தெரியவில்லை. டென்டினுக்கும் அமிலம் வைக்கும் முழு அமில முறையில் செய்கிறவர்கள் செய்தால் கெடுதல் இல்லை. திராட்சை விதைச் சாறு, எத்தனால் முறை போன்றவை இன்னும் அன்றாட கிளினிக் நேரத்துக்குள் அடங்கவில்லை.

எச்சில் பட்டுவிட்டால்? அமிலம் வைத்த பரப்பில் பட்டால் கழுவி, 5 முதல் 10 விநாடி மறுபடி அமிலம் வைத்துக் கழுவ வேண்டும். பசைக்கு லைட் காட்டிய பிறகு பட்டால் கழுவி, உலர்த்தி, பசையை மறுபடி பூசினால் போதும். துடைத்துவிட்டுத் தொடர்வது மட்டும் கூடவே கூடாது.

பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. பசையில் இருக்கும் அசிட்டோனும் எத்தனாலும் திறந்த நொடியிலிருந்து பறக்கும். ‘எல்லாம் ரெடியா இருக்கட்டும்’ என்று முன்கூட்டியே கிண்ணத்தில் சொட்டிவைக்கும் உதவியாளர் நல்ல எண்ணத்தில் பசையைக் கெடுக்கிறார். தேவைப்படும் நிமிடத்தில் சொட்டி, உடனே மூடி போட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் ஈரம் அதன்மேல் வேர்க்கும்.

கம்ப்ரசரும் அப்படித்தான். ஈரக் காற்றை அழுத்தினால் தொட்டியில் தண்ணீர் சேரும். அது குழாய் வழியே, சில நேரம் எண்ணெயோடு, உலர்த்துகிற காற்றிலேயே வரும். தினமும் மாலையில் தொட்டியின் அடி வால்வைத் திறந்து வடித்துவிட வேண்டும். காலையில் ஒரு சுத்தமான வாய்க் கண்ணாடியை 10 செ.மீ. தள்ளிப் பிடித்துக் காற்றை அடித்துப் பாருங்கள். ஒரு துளி தெரிந்தாலும் அன்றைய ஒட்டு எல்லாம் சந்தேகம்தான்.

சுருக்கமும் வெளிச்சமும்

காம்போசிட் இறுகும்போது கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். சுருங்கும் பொருள், புதிதாக ஒட்டிய சுவரைப் பிடித்து இழுக்கும். எத்தனை சுவரில் ஒட்டியிருக்கிறது, எத்தனை பக்கம் திறந்திருக்கிறது என்ற விகிதம் கூடக் கூட இழுவிசை கூடும். கடைவாய்ப் பல்லின் மேல்குழியில் ஐந்து பக்கம் ஒட்டு, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. இதுதான் மோசமான நிலை. அதனால் 2 மிமீ தடிமனுக்கு மேற்படாத சாய்வான அடுக்குகளாக, எதிரெதிர்ச் சுவரை ஒரே அடுக்கில் இணைக்காமல் வைக்க வேண்டும். 4 மிமீ வரை ஒரே தடவையில் வைக்கும் பல்க் ஃபில் வகைகள் வந்துவிட்டன. அவை நல்லவையே, வெளிச்சம் அடிவரை போனால்.

அந்த வெளிச்சத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காம்போசிட்டில் இருக்கும் கேம்ஃபர்குயினோன் என்ற பொருள் 468 நானோமீட்டர் சுற்றிய நீல ஒளியை உறிஞ்சி இறுகலைத் தொடங்கும். சதுர சென்டிமீட்டருக்கு 1,000 மில்லிவாட் தரும் விளக்கை 20 விநாடி பிடித்தால் 20 ஜூல். ஓர் அடுக்குக்கு அது போதும். ஆனால் இரு பற்களுக்கு இடையிலான குழியின் அடித்தளம் விளக்கின் முனையிலிருந்து 6, 7 மிமீ கீழே இருக்கும். அங்கே சேரும் ஒளி பாதியாகக்கூடக் குறையும். முதல் அடுக்குக்கு 40 விநாடி கொடுங்கள், அல்லது 20 விநாடி இரண்டு முறை, நடுவே காற்றடித்து. சூடு நரம்பைத் தொடாமல் இருக்கும். அடைப்புக்குச் சுவராகப் பல்லைச் சுற்றி வைத்த மேட்ரிக்ஸ் பட்டையைக் கழற்றிய பிறகு கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் இன்னொரு 20 விநாடி.

விளக்கைப் பிடிப்பவர் ஆரஞ்சுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே பிடிக்க வேண்டும். கண் கூசுகிறது என்று முகத்தைத் திருப்பினால் கை நகர்ந்து, வெளிச்சம் பக்கத்துப் பல்லில் விழும். முனையில் பழைய காம்போசிட் ஒட்டி இறுகியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஒளி அளக்கும் மீட்டர் காட்டும் எண் மிகத் துல்லியமானதல்ல. இருந்தாலும் விளக்கு புதிதாக வந்த நாளில் காட்டிய எண்ணைச் சுவரில் எழுதிவைத்து மாதம் ஒருமுறை ஒப்பிட்டால் விளக்கு தளர்வது தெரிந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால் அரைகுறையாக இறுகிய அடைப்பும் மேலே கல்லாகத்தான் இருக்கும். அடியில் பச்சையாக இருப்பது அன்று யாருக்கும் தெரியாது.

கடைசி அடுக்கின்மேல் காற்றிலிருக்கும் ஆக்சிஜனால் இறுகாத பிசுபிசுப்பு ஒரு படலம் நிற்கும். கிளிசரின் ஜெல் தடவி மறுபடி 20 விநாடி லைட் காட்டினால் அதுவும் இறுகும்.

ஈறோரம்

அடைப்பின் கீழ் ஓரம் ஈறுக்குக் கீழே இறங்கி, எனாமலே இல்லாத இடத்தில் நின்றால் எவ்வளவு கவனித்தாலும் அதுதான் முதலில் கெடும். அங்கே கிளாஸ் அயனோமர் சிமென்ட்டை அடியில் வைத்து, மேலே காம்போசிட் வைக்கும் சாண்ட்விச் முறை நல்ல வழி. கிளாஸ் அயனோமர் ஈரத்தைப் பொறுக்கும், பல்லோடு தானாகவே பிணையும், ஃபுளோரைடும் விடும்.

உமிக்கரியிலும் முரட்டு பிரஷ்ஷிலும் ஆண்டுக்கணக்கில் தேய்த்து ஈறோரத்தில் பள்ளம் விழுந்த பற்களை நம் ஊர்ப் பெரியவர்களிடம் நிறையப் பார்க்கலாம். பள்ளத்தின் உள்ளே மஞ்சளாகக் கண்ணாடிபோல் மின்னும். குழாய்கள் கனிமத்தால் அடைபட்ட கெட்டி டென்டின் அது, பசை இறங்காது. ஒட்டுவதற்கு முன் டயமண்ட் பர்ரால், அதாவது வைரத்தூள் பதித்த சுழல் முனையால், மேலாகச் சொரசொரப்பாக்க வேண்டும். உமிக்கரியை நிறுத்தாமல் அங்கே அடைத்துப் பயனில்லை.

யூஜினால் கலந்த தற்காலிக அடைப்பு, அதாவது கிராம்பு எண்ணெய் வாசம் அடிக்கும் சிமென்ட், முன்பு இருந்திருந்தால் அதன் மிச்சத்தைப் பியூமிஸ் தூளால் சுத்தமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். யூஜினால் பிசின் இறுகுவதைத் தடுக்கும். பல் வெளுக்கும் சிகிச்சை செய்திருந்தால் இரண்டு வாரம் கழித்தே அடைப்பு; பல்லில் தங்கிய ஆக்சிஜனும் இறுகலைக் கெடுக்கும்.

வீட்டில்

காம்போசிட் நாற்காலியிலேயே இறுகிவிடுகிறது. மரப்பு போன பிறகு மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிடலாம். மரத்த உதட்டைக் கடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் காத்திருக்கச் சொல்கிறோம். கடித்தால் அந்தப் பல் மட்டும் முந்தித் தட்டுகிறது என்றால் அடுத்த நாளே போய் மட்டப்படுத்திக்கொள்ளுங்கள். உயரமாக நிற்கும் அடைப்பு ஒட்டையும் பல்லையும் சேர்த்தே உடைக்கும்.

சொத்தை உண்டாக்கும் பாக்டீரியா வெளியிடும் எஸ்டரேஸ் நொதி பிசினையும் அரிக்கிறது. ஆகவே ஓரத்தில் படலம் தங்காமல் இருக்க வேண்டும். கருப்பட்டிக் காப்பியும் சீனி போட்ட சாயாவும் ஒருமுறை குடித்தால் வாயின் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) 5.5-க்குக் கீழே போய், திரும்ப அரை மணி நேரமாவது ஆகும். நாளுக்கு இரண்டு முறை குடிப்பவரின் பல்லுக்குத் தேற நேரம் இருக்கிறது. கடையில் அமர்ந்து மணிக்கொரு முறை குடிப்பவருக்கு இல்லை. எத்தனை கரண்டி சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். 1,000 பிபிஎம்முக்குக் குறையாத ஃபுளோரைடு பேஸ்ட்டால் காலையும் இரவும் துலக்கி, துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் விடுங்கள். அடைத்த இரு பற்களுக்கு இடையே தினமும் ஒருமுறை ஃப்ளாஸ் போடுங்கள். நூல் பிசிறினால் அந்த ஓரம் சரியில்லை என்று அர்த்தம், டாக்டரிடம் காட்ட வேண்டும். பாக்கு மெல்லுவதை அடைப்புக்காக இல்லாவிட்டாலும் புற்றுநோய்க்காகவாவது விட்டுவிடுங்கள்.

எப்போது கெட்டது என்பதை டாக்டரிடம் சரியாகச் சொன்னால் காரணம் பாதி பிடிபட்டுவிடும். சில நாளில் அல்லது வாரத்தில் முழுதாகக் கழன்று விழுந்தால் எச்சில் பட்டதோ பசை இறுகாததோ காரணமாக இருக்கலாம். முதல் வாரத்திலேயே கடித்தால் சுருக்கென்றால் அடியில் இடைவெளி, அல்லது உயரம். இரண்டு மூன்று ஆண்டில் ஓரம் கறுத்துப் பல் நூல் மாட்டினால் ஒட்டு அடுக்கு அரிந்து சொத்தை நுழைந்திருக்கலாம்; எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஓரத்தில் நிறம் மாறியது என்பதற்காக மட்டும் முழு அடைப்பையும் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை தோண்டும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது. கெட்ட பகுதியை மட்டும் எடுத்து, பழைய காம்போசிட்டின் பரப்பை 50 மைக்ரான் அலுமினாத் தூள் பீய்ச்சியோ டயமண்ட் பர்ராலோ சொரசொரப்பாக்கி, எனாமலுக்கு அமிலம் வைத்துக் கழுவி, பழைய காம்போசிட்டுக்குப் புதுப் பிசினோடு இணைக்க உதவும் சிலேன் என்ற திரவத்தைப் பூசி, மேலே சொன்ன அதே முறையில் பசையும் புதுக் காம்போசிட்டும் வைத்துவிடலாம். எந்த நிறுவனத்தின் காம்போசிட், எந்தப் பசை, எந்தத் தேதி என்று முதல் தடவையே சீட்டில் எழுதி வாங்கி வைத்திருந்தால் இந்தப் பழுதுபார்ப்பு இன்னும் எளிதாகும்.